ஆறாம் மாடிக்குப் போன இரண்டு கிலோ

சித்திக்காக வாங்கிய பாரை மீன் பை என் சுட்டுவிரலை அறுத்தபோதுதான் அந்த யோசனை வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் சித்தியின் அடுக்குமாடி. லிஃப்டின் கதவு சாத்திக்கொண்டது. குலுங்கி மேலே கிளம்பியது. பையின் கைபிடி விரலுக்குள் இறங்கியது. பிறகு சும்மா தொங்கியது. ஆறாம் மாடி நெருங்கும்போது, லிஃப்ட் இன்னும் மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது, பை சட்டென்று லேசானது.

மேலே போகிறோம். ஆனால் லேசாகிறது!

கதவு திறந்தது. நான் இறங்கவில்லை. கீழ்த் தளத்தின் பொத்தானை அமர்த்தினேன். மறுபடி மேலே. மறுபடி கீழே. கடைசியில் சித்தி வாசலுக்கே வந்து நின்றார்.

"மீன் நாறப் போகுது. எங்கயடா நிண்டனி இவ்வளவு நேரமும்?"

"லிஃப்டுக்குள்ள, சித்தி."

"பழுதாப் போச்சோ?"

"இல்லை, நல்லா வேலை செய்யுது. அதுதான் பிரச்சினை."

இதை ஏன் உங்கள் இருவருக்கும் முதலில் சொல்கிறேன் என்றால், அடுத்த மாதம் முதல் நான் பௌதிகவியல் படிப்பிக்கும் கராஜ் ரியூஷன் வகுப்பின் கரும்பலகை உங்களுடையது. ஓய்வுபெற்றவரின் உபதேசம் என்று சிரிக்க வேண்டாம். எனக்கு இருபத்தாறு வயது. ரியூஷன் தொழிலில் அது ஓய்வுபெறும் வயதுதான். தொண்டை போய்விட்டது, கம்பஸ் திறந்தும் மூடியும் என் பட்டப்படிப்பும் முடிந்துவிட்டது. கணக்குச் செய்வது எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருவரும் என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். வேகம் கைகொடுக்காத ஒரு வெள்ளிக்கிழமையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த மீன் வாங்கியதற்கு முந்திய வாரம் வகுப்பில் ஒரு பரீட்சை வைத்திருந்தேன். மேல்நோக்கிப் போகும் உயர்த்தி, அதுதான் லிஃப்ட், ஒன்று வேகம் குறைந்து நிற்கப் போகிறது. அதற்குள் சுருள்வில் வைத்த விற்றராசில் தொங்கும் திணிவின் வாசிப்பு என்ன? அநேகமாக எல்லோரும் "மேல்நோக்கி" என்ற சொல்லைக் கண்டதும் வாசிப்பைக் கூட்டி எழுதியிருந்தார்கள். கேள்வியின் முகத்தைப் பார்த்தவுடன் விடை எழுதும் பழக்கம் அது. நாங்கள்தான் பழக்கினோம். உயர்த்திக் கணக்கு, சாய்தளக் கணக்கு, பனிக்கட்டிக் கணக்கு என்று பெயர் வைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறோம். பிள்ளைகள் பொட்டலத்தைப் பிரிக்காமலே விழுங்குகிறார்கள்.

பனிக்கட்டிக் கணக்கில் இன்னும் மோசம். பனிக்கட்டி முழுவதும் உருகிவிட்டது என்று தொடங்கி, நீரின் இறுதி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஆறு பாகை என்று முடித்திருந்தாள் துஷ்யந்தி. அவளுடைய அப்பாவுக்கு வெள்ளவத்தையில் பலசரக்குக் கடை. அவளுக்கு வாயாடி என்று வகுப்பில் பட்டம்.

"துஷ்யந்தி, பூச்சியத்துக்குக் கீழ ஆறு பாகையில தண்ணி. ரம்ளரில ஊத்திக் குடிப்பீரோ?"

"கணக்கு அப்பிடித்தான் வந்தது, சேர். நான் ஒருத்தரையும் குடிக்கச் சொல்லேல்லையே."

அன்றிலிருந்து வகுப்பில் ஒரு சட்டம் போட்டேன். பேனையை எடுக்க முதல் ஊகம். கூடுமா, குறையுமா? உருகுமா, மிஞ்சுமா? வாயைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். பிழைத்தால் பரவாயில்லை. கூச்சல் பிறந்தது. வகுப்புக்கு உயிர் வந்தது. ஒருவனைத் தவிர.

அவன் குகன். வன்னியிலிருந்து பயண அனுமதிப் பாஸ் எடுத்து வந்து, வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தான். உயர்தரப் பரீட்சைக்கு மூன்றாவது முறை தோற்றப் போகிறான், அதற்குமேல் வாய்ப்பில்லை. முதல் முறை இடம்பெயர்வில் போனது, இரண்டாம் முறை மலேரியாவில். இம்முறைப் பௌதிகவியல் சரிவந்தால் பொறியியல்; இல்லாவிட்டால் வெளிநாட்டுக்கு அனுப்ப வீட்டார் ஏஜென்சியோடு கதைத்துவிட்டார்கள் என்று ஒருமுறை சொன்னான். அதைச் சொல்லும்போது தலையைத் தூக்கவில்லை.

அவன் என் வகுப்பில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சட்டம் போடுவதற்கு முந்திய கதை. வேலை என்ற பாடம். பாரத்தைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றால் செய்த வேலை பூச்சியம் என்று எழுதித் திரும்பினேன். பின்வரிசையில் எழுந்து நின்றான்.

"சேர், வவுனியாவில செக்பொயின்ற் வரிசையில, காலமையில இருந்து மத்தியானம் வரைக்கும் சூட்கேஸைக் கீழ வைக்காமல் நிண்டனான். நிலம் முழுக்கச் சேறு. அதுவும் பூச்சியமோ?"

"சூட்கேஸில செய்த வேலை பூச்சியம்தான்."

"அப்ப எனக்கு ஏன் வேர்த்தது?"

"அது பயத்தில வேர்த்தது!" என்றாள் துஷ்யந்தி.

கராஜ் அதிர்ந்தது. நல்ல கேள்வி அது. தசைநார் இறுகித் தளர்ந்து, தின்ற சோற்றின் சக்தியெல்லாம் வெப்பமாகப் போகிறது, சூட்கேஸுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை என்று விளக்கினேன். சரியான விடைதான். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு சொன்ன விடை. அவன் அதற்கு முதலே உட்கார்ந்துவிட்டான். பிறகு வாய் திறக்கவேயில்லை. ஊகம் கேட்டால் கொப்பியைப் பார்ப்பான். கொழும்பில் அவன் படித்த முதல் பாடமே தேவையில்லாமல் வாய் திறக்காதே என்பதுதான். பஸ்ஸில் தமிழ் கதைக்காதே, சிரிக்காதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல். நானோ கிழமைக்கு மூன்று தடவை அவனுக்கு முன்னால் போய் நின்று, "சொல்லும் குகன், கூடுமோ குறையுமோ?" என்றேன்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். திங்கட்கிழமை பௌதிகவியல் பரீட்சை. கடைசிச் சந்திப்பு. லிஃப்டில் ஏறியே இராத பிள்ளைகள் லிஃப்ட் கணக்குச் செய்வது எனக்குப் பொறுக்கவில்லை. மீன் பை தந்த யோசனைப்படி ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு பின்னேரம் சித்தியின் கட்டடத்துக்குப் போனேன். குகனும் வந்தான். விற்றராசு என்னுடையது. இரண்டு கிலோ இரும்புக் கல்லைத் துஷ்யந்தி கடையிலிருந்து கொண்டுவந்திருந்தாள். வெள்ளை யூனிபோமில் துரு பட்டால் அம்மா ஏசுவா என்று அதைப் பேப்பரில் சுற்றி, மண்ணிற ஒட்டு ரேப் போட்டு, மேலே ஒரு கயிற்று வளையமும் வைத்திருந்தாள். பார்க்க நேர்த்தியாக இருந்தது. நானும் கெட்டிக்காரி என்று பாராட்டினேன்.

வாசலில் இருந்த காவலாளி என்னை அறிந்தவர். "சித்தியிட வீட்டுக்கு" என்று சிரித்துக்கொண்டு, பிள்ளைகளை உள்ளே தள்ளினேன். எதற்கென்று சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை என்று நினைத்தேன். புறக்கோட்டையில் குண்டு வெடித்து அதிக நாளாகவில்லை. ரேப் சுற்றிய பொட்டலத்தைக் கொக்கியில் தொங்கவிட்டு, தமிழ்ப் பிள்ளைகள் லிஃப்டில் ஏறி இறங்கி ஏறுகிறார்கள். நீங்கள் அதே கட்டடத்தில் நாலாம் மாடியில் குடியிருந்து இதைக் கண்டால் என்ன செய்வீர்கள்?

நாலாம் மாடியில் குடியிருந்தவரும் அதைத்தான் செய்தார். பொலிஸுக்கு அறிவித்தார்.

முதல் நாலைந்து தடவை, இடிபட்டுக்கொண்டு ஏறியதில் தராசு முள்ளை ஒருவருமே பார்க்கவில்லை. அடுத்த தடவைக்காகக் கீழே வந்து கதவு திறந்தபோது, எதிரே ஒரு சப் இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும். காவலாளி அவர்களுக்குப் பின்னால், என்னைப் பார்க்காமல்.

"மொகக்த மே பார்சல் எக?"

இது என்ன பார்சல் என்று அவர் கேட்ட பிறகுதான் நானும் அதைப் பார்சலாகப் பார்த்தேன்.

"பிம தியன்ன!" அவருடைய கை நிலத்தைக் காட்டியது.

எனக்குச் சிங்களம் ஓடும். கல், தராசு, ரியூஷன், பரீட்சை என்று ஒரே மூச்சில் கொட்டினேன். கொட்டக் கொட்ட அவருடைய முகம் இறுகியது. நிரபராதி இவ்வளவு வேகமாகக் கதைக்க மாட்டான் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். பார்சலை முற்றத்து நடுவில் வைத்து, நானே தனியாகப் பிரிக்க வேண்டும்; மற்றவர்கள் மதிலோடு.

துஷ்யந்தி சுற்றிய ரேப்பைப் பற்றி ஒரு சொல். அதற்கு நுனியே கிடையாது. நகத்தால் சுரண்டுகிறேன், வியர்வையில் வழுக்குகிறது, கான்ஸ்டபிளின் துவக்கு என் முதுகுப் பக்கம். மதிலோரத்திலிருந்து அவளுடைய குரல் வந்தது.

"சேர், அடிப்பக்கத்தில மடிச்சு விட்டிருக்கிறன். இழுத்தா வரும்."

"வாயை மூடும்."

இழுத்தேன். வந்தது. பேப்பர் விரிய, துருப்பிடித்த இரும்புக் கல். இரண்டு கிலோ என்று அதன் தலையிலேயே பொறித்திருந்தது. காவலாளி பெரிதாக மூச்சுவிட்டார். சப் இன்ஸ்பெக்டர் கல்லைக் காலால் உருட்டிப் பார்த்தார்.

"படிப்பிக்கிறாய் என்றாய். எனக்கும் படிப்பி பார்ப்போம்" என்றார் சிங்களத்தில். பகிடியா சோதனையா தெரியவில்லை. தன்னோடு லிஃப்டுக்குள் என்னையும், மதிலோரத்தில் முதலாவதாக நின்ற குகனையும் இழுத்துக்கொண்டார். கல்லில் கயிற்றைக் கட்டிக் கொக்கியில் மாட்டச் சொல்லி, தராசைத் தன் கையிலேயே பிடித்தார். ஆறாம் மாடி.

லிஃப்ட் கிளம்பியது. முள் துள்ளிக் கூடியது. "ஹரி", சரி என்றார். "மேலே போனால் பாரம் கூடும். இதற்குப் படிப்பு எதற்கு?"

நான் ஓம் என்று தலையாட்டியிருக்கலாம். ஆட்டத்தான் நினைத்தேன். பொலிஸ்காரர் சொன்னது சரி என்றபடி கதையை முடித்துக்கொள்வதுதான் புத்தி. மேலே நெருங்கியது. முள் கீழே இறங்கியது. அவர் தராசைத் தட்டினார்.

"உடைந்த தராசு."

"இல்லை" என்றது ஒரு குரல். தமிழில். "நிக்கப் போகுது. அதாலதான் குறையுது."

குகன். என்னுடைய வகுப்பில் இத்தனை மாதம் திறக்காத வாய். சரியான விடை, சத்தமாக, பேனை எடுக்க முதல். என் மனதில் ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது, மறைக்க மாட்டேன். அடுத்த கணம் சப் இன்ஸ்பெக்டர் தராசை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார். சிங்களம் தெரியாத வாய். வடக்குத் தமிழ்.

"கோ ஐ.சி. எக?"

அடையாள அட்டையை நீட்டினான். விலாசம் முல்லைத்தீவு.

"எங்கே தங்கியிருக்கிறான்? பொலிஸில் பதிந்திருக்கிறதா?" கேள்வி எனக்கு.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "சித்தி வீட்டில, இந்த மாடியிலதான்." அழகான விடை. கதவு பக்கத்தில், சித்தி என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். ஆனால் கட்டடத்தில் யார் யார் பதிவு என்று காவலாளிக்குத் தெரியும். அவரைக் கேட்டால் அடுத்த நிமிடம் சித்தியும் ஜீப்பில். குகனுக்குப் பொய் சொன்னவன் என்ற பெயரும் சேரும். பூச்சியத்துக்குக் கீழே ஆறு பாகைத் தண்ணீர். எழுத வரும், குடிக்க முடியாது. நான் வாயை மூடினேன். என் வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு உடனே விடை சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

"லொட்ஜ்" என்றான் குகன், தானே. அவர் விளங்கிக்கொண்டார். "பதிவு?" என்றார் தமிழில்.

"மனேஜர் பதியிறன் எண்டவர். பதிஞ்சவரோ தெரியாது."

உண்மை. உண்மை சொன்னதற்காக அவனை விட்டுவிடவில்லை. சப் இன்ஸ்பெக்டர் என் அட்டையையும் கேட்டார். அது நான் மறந்து வைத்துவிட்டு வந்த பேர்ஸுக்குள், சித்தி வீட்டு மேசையில். எடுத்து வரச் சொல்லிவிட்டு, குகனின் தோளில் கை வைத்தார். கதவு மூடியது. நான் சித்தி வீட்டுக்குள் ஓடி, சித்தியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் பேர்ஸை எடுத்துக்கொண்டு படியால் உருண்டேன். முற்றத்துக்கு வந்தபோது ஜீப் வாசலைக் கடந்துகொண்டிருந்தது. விற்றராசும் கல்லும் அதற்குள். ஒரு கான்ஸ்டபிள் மட்டும் நின்று என் அட்டையைப் பார்த்து, "பொலிஸுக்கு வா" என்றுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். அந்த நேரத்தில் உள்ளே போனால் சனி, ஞாயிறு கேட்க ஆளில்லை. திங்கள் காலை பரீட்சை. மூன்றாவது, கடைசி.

எனக்கு ஜீப்பின் பின்னால் ஓட வேண்டும் போலிருந்தது. கால்கள் கிளம்பிவிட்டன. துஷ்யந்தி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். "சேர், இவையளை என்ன செய்யிறது?" மதிலோரம் மற்ற மூன்று பேர். முகத்தில் இரத்தமில்லை. அப்போதுதான் நிதானம் வந்தது. எந்த விசை எங்கே தாக்குகிறது என்று படம் கீறாமல் சமன்பாடு எழுதாதே என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்? பொலிஸில் நான் போய்க் கெஞ்சுவதால் ஒன்றும் அசையாது. அசைக்கக்கூடியவர் ஒருவர்தான். லொட்ஜ் மனேஜர்.

மூவரையும் சித்தியிடம் ஏற்றி அனுப்பினேன். மனேஜரைத் தேடித் துஷ்யந்தியோடு போனேன். அவர் சாரத்தோடு வெளியே வந்து, "தம்பி, நான் திங்கக்கிழமை பதிவம் எண்டு இருந்தனான்" என்றார். நான் பதில் சொல்ல முதல் துஷ்யந்தி தொடங்கிவிட்டாள்.

"அங்கிள், திங்கக்கிழமை அவருக்குச் சோதினை. நீங்கள் இப்ப காற்சட்டை போடேல்லையெண்டா நான் அப்பாவிட்டச் சொல்லி உங்கட லொட்ஜுக்கு அரிசி கொடுக்கிறதை நிப்பாட்டுவன்."

"இவ ஆர் தம்பி?"

"என்னிட்டப் படிக்கிற பிள்ளை."

"நீர் படிப்பிக்கிறது பௌதிகம்தானே?"

காற்சட்டை போட்டார். வந்தார். பொலிஸில் கையெழுத்து வைத்தார், ஏச்சு வாங்கினார், இன்னும் கையெழுத்து வைத்தார். நான் வாசலில் போட்டிருந்த வாங்கில் இருந்தேன். எழுந்தேன். இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் "ஒரு இடத்தில இரும் தம்பி" என்றார். என்னால் முடியவில்லை. அவன் வாயை நான்தானே திறக்க வைத்தேன் என்ற எண்ணம் உட்கார விடவில்லை. ஊகிக்கச் சொன்னது பிழையா? இல்லை. இந்தக் கொழும்பில், இந்தக் காலத்தில், உரக்கச் சொல்லச் சொன்னது? அதை யோசித்துக்கொண்டேயிருக்கிறேன்.

கடலுக்குள் வெளிச்சம் இறங்கும் நேரத்தில் குகனை விட்டார்கள். சேர்ட் கசங்கியிருந்தது. வேறொன்றும் தெரியவில்லை. தராசை மட்டும் தரவில்லை. துஷ்யந்தியை லொட்ஜிலிருந்தே வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். மனேஜர் முன்னால் போக, நானும் குகனும் ரயில் பாதையோரமாக நடந்தோம். நான் முதல் தடவையாக மெதுவாக நடந்தேன். அவன்தான் தொடங்கினான்.

"சேர், மேல போறது மட்டும்தான் தராசில பாத்தனாங்கள். கீழ போறது பாக்கேல்லை."

"அதை விடும் இப்ப."

"இல்லை, நான் பாத்தனான். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கேக்க. வெளிக்கிடேக்க வயிறு லேசாச்சு. பிறகு ஒண்டும் இல்லை. கீழ வந்து நிக்கேக்க முழங்கால் கனத்தது. கீழதான் போறம், ஆனா கனக்குது. அப்ப போற திசை முக்கியமில்லை. வேகம் மாறுற ஆர்முடுகல் எந்தப் பக்கமெண்டதுதான் முக்கியம். என்ன?"

நான் நின்றுவிட்டேன். பொலிஸ்காரரின் கை தோளில், கண்ணுக்கு முன்னால் திங்கட்கிழமை, அதற்குள் இவன் ஆறு மாடியும் கணக்கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"குகன், பயப்படேல்லையோ?"

"பயந்தனான். அதையும் யோசிச்சனான், சேர். பயத்தில வயிறு லேசாகும். ஆனா பயமெண்டா லிஃப்ட் நிக்கேக்க திரும்பக் கனத்திருக்காது. பயம் அப்பவும் இருந்தது." கொஞ்சம் நடந்துவிட்டு, "துஷ்யந்தியிட்டச் சொல்லுங்கோ" என்றான்.

திங்கட்கிழமை எழுதினான். எப்படி எழுதினான் என்று கேட்டதற்கு, "ஒவ்வொண்டுக்கும் முதல் ஊகிச்சனான், மனதுக்குள்ள" என்றான். பெறுபேறு இன்னும் வரவில்லை. ஏஜென்சிக்காரர் இரண்டு தடவை லொட்ஜுக்கு வந்துபோய்விட்டாராம். எனக்கு இரவில் நித்திரை குறைவு.

கராஜை நீங்கள் பாருங்கள். இரண்டே இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். எந்த வாசலுக்குள் போனாலும் காவலாளியிடம் கல்லைக் காட்டிவிட்டுப் போங்கள். ஊகத்தை உரக்கக் கேட்காதீர்கள். கையால் காட்டச் சொல்லுங்கள், நெஞ்சுக்கு முன்னால், தங்களுக்கு மட்டும் தெரிகிறபடி.

ஓய்வு எனக்குச் சரிவராது; நான் இந்தச் சனிக்கிழமை கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளோடு, தொண்டை தேவைப்படாத ஒரு வகுப்பைத் தொடங்குகிறேன். அங்கே எனக்குத் தெரிந்த லிஃப்ட் இல்லை. பஸ் இருக்கிறது. குகனும் வருகிறான், உதவிக்கு. தராசு இல்லை, கல் இல்லை, பார்சல் இல்லை. ஒரு நூல், அதில் சித்தி வீட்டுப் பூட்டின் திறப்பு ஒன்று. பஸ்ஸின் மேல்கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் ஒருவரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் எத்தனை செக்பொயின்ற், எத்தனை பிரேக், எத்தனை கிளம்பல்! ஒவ்வொன்றிலும் திறப்பு ஒரு பக்கம் சாயும். பிள்ளைகள் ஒரு சொல்லும் பேச மாட்டார்கள். பஸ் அசைவதற்கு முதல், திறப்பு சாயும் என்று ஊகிக்கும் பக்கத்துக்கு உள்ளங்கையை மட்டும் சரிப்பார்கள், முன்னுக்கோ பின்னுக்கோ.

நூலும் திறப்பும் இப்போதே என் சேர்ட் பையில் இருக்கின்றன. குகன் நேற்றே தன் கையைச் சரித்துக் காட்டிவிட்டான். பஸ் கிளம்பப் போகிறது; உங்கள் கை எந்தப் பக்கம்?